கல்யாண வீடியோவை வெட்டப் போன கதை

செப். 1, திங்கள்
காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. இட்லி மாவு பொங்கி பிரிட்ஜெல்லாம் வழிசல்.

ஞாயிறு எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். பூந்தமல்லியிலிருந்து நாத்தனார் கலா குடும்பத்தோடு வருகிறாள். கல்யாண வீடியோவை டிவியில் போட வேண்டும் என்று இவருக்கு ஆசை. பூஞ்சை பிடித்த கேசட்டை ஆவடி ஸ்டுடியோவில் கொடுத்து கம்ப்யூட்டர் கோப்பாக மாற்றி வாங்கியது. மூன்று பாகம். லேப்டாப்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர். முதல் பாகத்தில் முக்கால்வாசி பந்தியும் பறக்கும் ரோஜாப்பூவும்தான். அதை வெட்டணுமாம்.

அதற்கு இலவச மென்பொருள் ஒன்றைப் பிடித்திருக்கிறார். பட்டன் எதுவும் கிடையாது. திரையில் வரும் கருப்பு ஜன்னலில் கட்டளையைத் தட்டணும். "ஹேக்கர் மாரி கீறேன் பாரு சாந்தி." லுங்கியில் ஹேக்கர்.

செப். 2, செவ்வாய்
மாலை இடி. கரண்ட் போய் வந்தது. வாங்க: புளி, பாசிப்பருப்பு, டிவி ரிமோட்டுக்கு பேட்டரி.

மென்பொருளோடு வந்த கையேட்டைப் படியுங்கள் என்றேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்திருக்கும் காகிதத்தைக்கூடப் படிக்கிறவள் நான். இவர் கேட்டால்தானே!

"அத்தப் படிச்சிகினு இருந்தா கல்யாண நாளே போய்டும். யூடியூப் வீடியோல ஒர்த்தன் கையப் புடிச்சி சொல்லித் தரான்."

போனைச் சாம்பார்பொடி டப்பாவில் சாய்த்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். வீடியோக்காரன் பேச்சு வேகம். "இரு நைனா! இன்னா அவசரம், ரயிலா புடிக்கப் போற?" போனோடு சண்டை. அந்தப் பையனின் திரையில் தெரிந்த அவனுடைய கம்ப்யூட்டர் பெயரையும் இவர் சேர்த்துத் தட்டிவிட்டு, "வரலியே" என்கிறார். சிரித்துச் சிரித்து வயிறு வலி. நல்ல மனுஷன்தான்.

செப். 3, புதன்
ரயிலில் நிற்க இடமில்லை. அண்ணனூரில் இறங்கி வீடு வந்தால் டிவி ஓடவில்லை. இவர் லேப்டாப் முன்னால் கல்லாக உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இது. வீடியோக்காரன் ஒன்றாம் கோப்பை வெட்டி, வெட்டிய துண்டுக்கு 'இரண்டு' என்று பெயர் வைத்தான். இவரும் அப்படியே. இங்கே இரண்டு ஏற்கெனவே இருக்கிறதே! அதன் மேலேயே எழுதட்டுமா என்று மென்பொருள் கேட்டிருக்கிறது. வீடியோவிலும் அப்படியே கேட்டது, முன்னாடி ஒத்திகை பார்த்ததில் அவனிடமும் ஒரு 'இரண்டு' இருந்திருக்கும் போல. அவன் ஆமாம் என்று தட்டினான்.

"அவன் போட்டான், நானும் போட்டேன் சாந்தி."

இரண்டாம் பாகம் போச்சு. மாங்கல்யதாரணம் முழுக்க அதில்தான். இப்போது அதைத் திறந்தால் பந்தியில் யாரோ ரசம் ஊற்றிக்கொள்கிறார்கள். கேசட்டைக் குப்பையில் போட்டாயிற்று. ஸ்டுடியோ கொடுத்த பென்டிரைவையும் அழித்து, கார் பாட்டு ஏற்றியிருக்கிறார்.

"நான் செத்தேன்" என்றார். நான் அடுப்படிக்குப் போனேன். உப்புமா.

செப். 4, வியாழன்
வெயில். இவர் அம்பத்தூரில் ஒரு கடையில் லேப்டாப்பைக் காட்டினார். மேலே எழுதியதைத் திருப்ப முடியாதாம்.

தாலிதானே, கழுத்தில்தானே இருக்கிறது என்று ஆபீசில் சொல்கிறார்கள். அது இல்லை. முடிச்சு போடும்போது நான் தலையே தூக்கவில்லை. பயம், வெட்கம், மாலை கனம் வேறு. இவர் முகம் எப்படி இருந்தது என்று பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். கண் நிறைந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு. இவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கோபம் வரும்போதெல்லாம் அந்த முகத்தை நினைத்துக்கொள்வேன். அதுதான் போச்சு. அழுகையாக வருகிறது.

செப். 6, சனி
நாளைக்கு: வடை, பாயசம், கலாவுக்குப் பூ.

கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் எழுதவே கூடாது என்று சொல்லக் கட்டளையில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தால் போதுமாம். இவர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "படி, கேக்கறேன்." நான் படிக்க, இவர் தட்ட, முதல் பாகம் வெட்டு சரியாக விழுந்தது. காபி போட்டுத் தந்தார். சர்க்கரை அதிகம், குடித்தேன்.

செப். 7, ஞாயிறு
காலை தூறல். கலா வீட்டார் வந்தாயிற்று. வீடியோ ஓடியது. முதல் பாகம் முடிந்து நேராக மூன்றாம் பாகம்.

"இன்னாண்ணா, தாலி கட்றது எங்க?" கலா.

இவர் எழுந்து டிவியை நிறுத்தினார். "நான்தாம்மா அழிச்சிட்டேன். போவட்டும், நானே சொல்றேன் கேளு." நடுக்கூடத்தில் நின்று இரண்டாம் பாகத்தைச் சொன்னார். "ஐயிரு தாலிய எடுத்துக் குடுத்தாரு. இவ குனிஞ்சவ நிமிரவே இல்ல. ஒரு முடிச்சுதான் நான் போட்டேன், மிச்சம் நீதானே கலா போட்ட? எனுக்குக் கண்ணு தெரியல. அழுதுகினு கீறேன். நல்ல வேள, யாரும் பாக்கலன்னு நென்ச்சேன்..."

உதட்டைக் கடித்துக்கொண்டார். வடை எண்ணெயில் கிடந்தது. நான் அடுப்படி வாசலிலேயே நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.