எந்த அம்மாவுக்கு?

நல்லூர், திருப்பூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வர்ஷினிக்கு,

அம்மா எழுதுவது. நான் இங்கே நலம். பெங்களூரில் நீயும் உன் அப்பாவும் வினிதாவும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் பியானோ நிகழ்ச்சிக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருக்கிறாயாம். வந்தேன் கண்ணு. பனியன் கம்பெனியில் சரக்கு ஏற்றும் ஷிப்மென்ட் நேரம், செக்கிங்கில் லீவு தரவில்லை. சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். நான் உள்ளே வரும்போது நீ மேடையில் இருந்தாய். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன் வரிசையில் உன் அப்பாவும், பட்டுப்புடவையில் வினிதாவும். உன் கவுனின் மடிப்புத் தையல் பிரிந்து ஒரு பக்கம் தொங்கியது. கூடவே இருக்கிறவள் கண்ணில் அது படவில்லை.

உங்கள் டீச்சர் மைக்கில் அந்தப் பாட்டின் கதையைச் சொன்னார். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர் எழுதியதாம். அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்துத்தான் அச்சில் வந்ததாம். ஒரு பெண்ணின் பெயரைப் போட்டு, அவளுக்காக என்று தாளில் இருந்ததாம். அவள் யாரென்று இன்றைக்கும் தெரியாது. அந்தத் தாளும் காணாமல் போய்விட்டது. பெயரையே தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றுகூடச் சிலர் சொல்கிறார்களாம். பிறகு, நீ யாருக்காக வாசிக்கிறாய் என்று உன்னைக் கேட்டார். நீ தலையைத் தூக்காமல் "எங்க அம்மாவுக்கு" என்றாய்.

வாசித்ததும் மெட்டு தெரிந்துவிட்டது. நம் கம்பெனிக்கு வரும் வேன்கூட ரிவர்ஸ் எடுக்கும்போது அதைத்தான் பாடும். ஆனால் நான் வினிதாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் துடைத்தாள். "அது எனக்குச் சொன்னது, நீ எதற்கு அழுகிறாய்" என்று அவளைப் பார்த்துக் கத்தலாம் போல இருந்தது. நீ இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாய். அப்படிக் கூப்பிடச் சொன்னவளும் நான்தான். கோர்ட்டு கேஸ் முடிந்து உன்னை அப்பாவோடும் வினிதாவோடும் அனுப்பிய அன்று, பெரிய மனசுக்காரி மாதிரி சொல்லிவிட்டேன்.

முடிந்ததும் வாசலில் வினிதா என்னைப் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனாள். "ஏனுங்க அக்கா, அவ எந்த அம்மாவைச் சொன்னான்னு உங்களுக்குத் தெரியுமாங்க? நாலு வருஷமா தலை சீவி விடறேனுங்க. எனக்குச் சொன்னதா இருக்கக்கூடாதாங்க?" என்று கேட்டாள். என்மேல் அவளுக்கும் பொறாமை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

அப்புறம் என்ன தோன்றியதோ, "உங்களைத்தானுங்க. என்னையன்னா திருப்பூர் அம்மான்னு சொல்லியிருப்பாளுங்க" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அவள் போன பிறகுதான், எதை எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று உறைத்தது. உன் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் திரும்பிவிட்டேன்.

மூன்று நாளாக வேலையே ஓடவில்லை. ஓட்டை விழுந்த பனியனையெல்லாம் பாஸ் பண்ணிவிட்டேன் என்று சூப்பர்வைசர் ஒரே சத்தம்.

நீ யாரைச் சொன்னாய் என்று நான் கேட்கப் போவதில்லை. வினிதா கேட்டால் என் பேச்சைப் பொய்யாக்கிவிடாதே. அவளிடம் முகம் சுளிக்காமல் இரு. மே மாத லீவுக்கு மட்டும் தனியாக வா. கம்பெனியில் பக்கத்து டேபிள் பிரியங்கா வீட்டில் கீபோர்டு இருக்கிறது, நம் வீட்டுக்கு எடுத்து வரக் கேட்டு வைத்திருக்கிறேன். எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு சாமி. யாருக்கு என்று நீ சொல்லவே வேண்டாம். வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

நூறு வருஷம் நல்லா இரு கண்ணு.

உன்னைப் பெற்றவள்,
பூங்கொடி