மேகத்துக்குள் மின்னியது, மச்சான்

என் ஆசை மச்சான்,

இதை எழுதுவது உன் மகள். எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியும்தானே. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். நீ போகும்போது தொட்டிலில் கிடந்தவள், இப்போது அமெரிக்காவில் இடிமேகங்களைப் படிக்கிறாள். வீட்டுக் கூரைகளைப் பிடுங்கி எறிகிற சுழல்காற்று எந்த மேகத்திலிருந்து இறங்கும் என்று மின்னலை வைத்து முன்கூட்டியே அறியலாமா? அதைப் பார்ப்பதுதான் வேலையாம்.

லீவில் என்னைப் பார்க்கச் சாம்பல்தீவுக்கு வந்தவள், நேற்று கணினியில் ஒரு மேகத்தைக் காட்டினாள். மின்னல் பிறந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. நடுவில் மட்டும் புள்ளியே இல்லாத ஓர் ஓட்டை.

“அதுக்குள்ளால காத்து மேல பாயுது மாமா. அந்த வேகத்தில மின்னல் உருவாக நேரமில்லை.”

சுற்றிவர மின்னல் திடீரென்று பெருகினால்தான் கவனமாம். அதில் பெரும்பாலானவை நிலத்தைத் தொடாமல் மேகத்துக்குள்ளேயே மின்னுமாம்.

அன்று கடலில் நீ என்ன சொன்னாய்?

“மச்சான், வானம் சரியில்ல. வலையை வெட்டிப்போட்டு ஓடுவம்.”

நான் சிரித்தேன். “பிள்ளை பிறந்ததில இருந்து நீ பயந்தாங்கொள்ளி. மேகத்துக்குள்ளதானேடா மின்னுது, கடல்ல ஒண்டும் விழேல்ல.”

விழுகிற மின்னலுக்குத்தானே நாங்கள் பயந்தோம். பிறகு யானைத் தும்பிக்கைபோல் ஒரு கறுப்புச் சுழல் மேகத்திலிருந்து கடலுக்கு இறங்கியது. வள்ளம் கவிழ்ந்தது. நான் மட்டும் கரைக்கு வந்தேன்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு உன் மகள் கேட்டாள்: “மின்னல் கூடினதுக்கும் காத்து வந்ததுக்கும் இடையில எவ்வளவு நேரம் மாமா?”

“பாதி வலை இழுக்கிற நேரம்.”

“வலையை விட்டிட்டு வந்திருந்தா?”

“கரை சேர்ந்திருப்பம், பிள்ளை.”

பேனாவை வைத்துவிட்டாள். கடலில் எழும் சுழலும் தான் படிக்கும் சுழலும் ஒன்றல்ல, ஒரு மேகத்தை வைத்து எதையும் சொல்ல ஏலாது என்றாள், பேனாவைத் திரும்ப எடுத்தபடி. படிப்பு அப்படிச் சொல்கிறதா, எனக்காகச் சொன்னாளா?

உன் மனுசி, என் தங்கச்சி, இன்றைக்கும் உன் படத்தைப் பார்த்து ஏசுகிறாள்: “பிடிவாதம் பிடிச்ச மனுசன். அண்ணன் கூப்பிடக் கூப்பிட வரேல்ல.” கரைக்கு வந்த அன்று நான் சொன்ன பொய் அது, மச்சான். செத்த பிறகும் அதை நீதான் சுமந்தாய்.

நாளைக்கு முதல் பஸ்ஸில் பாலையூற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போய், கூப்பிட்டது நீ, வராதவன் நான் என்று அவளிடம் சொல்வேன். உன் மகள் தானும் வருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்றுவிட்டேன். இனித் தங்கச்சி ஏசுவதை நான் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

உனக்குத் தங்கச்சியைக் கட்டித் தந்த,
உன் மச்சான்