வரிப் பங்கு

1993 மார்ச் 9
மண்ணெண்ணெய்க்கு வரி கூட்டியிருக்கிறார்கள். வள்ளத்து எஞ்சினுக்கு வேறு எதை ஊற்றுவது? வள்ளம் என் கூடப்பிறந்த வின்சன்ற் அண்ணையுடையது. என் கணவர் சிமியோனும் அடைக்கலநாதனும் அவரோடு தொழிலுக்குப் போகிறார்கள். இதுவரை மீன் விற்ற காசில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. இனி முதலில் வரிக்கென்று ஒரு பங்காம். "எண்ணெய் எல்லாருக்கும்தானே எரியுது, தங்கச்சி" என்றார் அண்ணை. சரிதான்.

மார்ச் 27
சந்தையில் மீன் விலை ஏறிவிட்டது. "கடலுக்கும் வரியோ?" என்று என்னிடம் மீன் வாங்க வந்த மனுசி என்னைத்தான் திட்டினாள். ஏறியதில் எங்கள் கைக்கு ஒரு சதம் வரவில்லை. மகள் இராசாத்தியை நல்லூர் ரியூசன் வகுப்பிலிருந்து மறித்துவிட்டேன். பிள்ளை அழவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 30
தொழில் செய்பவர்களுக்கு எண்ணெய் வரி இல்லையாம்! கடற்றொழிலாளர் சங்கத்தில் அறிவித்துவிட்டார்கள். மாதாவே!

மே 8
வரி போய் ஒரு கிழமை. வரிப் பங்கு போகவில்லை. மீன் விலையும் இறங்கவில்லை. "மச்சானோடை உதுகளை நான் கதைக்கேலாது" என்கிறார் சிமியோன். நானே போனேன்.
அண்ணை வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பழகின கணக்கு, பிள்ளை. இருக்கட்டும். நாளைக்குத் திரும்பவும் வரி போட்டால்?"
"இது களவண்ணை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. இராசாத்தியின் காதுபட, அண்ணை சொன்னதையெல்லாம் சொல்லிச் சொல்லித் திட்டித் தீர்த்தேன். வரி போட்டவனையாவது வையலாம் – கூடப் பிறந்தவனை என்ன செய்ய?

மே 9
பூசையில் அண்ணை பக்கத்தில் வந்து நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2
அண்ணை குடும்பத்தோடு கொழும்புக்குப் போகிறார். வள்ளத்தைச் சிமியோனின் பொறுப்பில் விட்டிருக்கிறார். வள்ளப் பங்கை மட்டும் அவருக்கு அனுப்ப வேண்டும்.

ஆகஸ்ட் 21
இராசாத்தி மறுபடி ரியூசனுக்குப் போகிறாள்.

செப்ரெம்பர் 4
அடைக்கலநாதனின் மனுசி மக்டலீன் வந்தாள். இரு என்றேன், இருக்கவில்லை.
"அக்கா, வரியை நீக்கி எவ்வளவு காலம்? உங்கடை அவர் இன்னும் வரிப் பங்கு கழிக்கிறாரெல்லோ?"
எனக்குத் தெரியாததா?
"பழகின கணக்கு, மக்டலீன். இருக்கட்டுமே" என்றேன்.
அவள் போய்விட்டாள். இராசாத்தி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "மாமா சொன்ன கதைதானே, அம்மா?"
"வாயைப் பொத்திக்கொண்டு படி!" என்று கத்தினேன்.
திங்கட்கிழமை ரியூசன் காசு கட்ட வேண்டும்.