ஆறு மணி பன்னிரண்டு நிமிடம்

கொஸ்கொட
சனிக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

புத்தம், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளின் துணையால் நாங்கள் இங்கே உயிரோடு இருக்கிறோம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன் ஹாலந்திலிருந்து வந்து ஒருத்தியை அம்மா என்று கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனாயே, அவள் உன் அம்மா இல்லை. நான்தான். தூக்கி எறிந்துவிடாதே மகளே, கடைசி வரை படி. இதை உன் பாஷையில் மாற்றிச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், ஒரு சொல்லையும் விட்டுவிட வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன்.

பியசீலி மிஸ் போன மாதம் தவறிவிட்டார். உனக்குச் செய்தி வந்ததோ தெரியாது. உன்னைப் போல வெளிநாட்டுக்குத் தத்துப் போன பிள்ளைகளுக்காக முப்பது வருடம் ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அரசாங்கக் கந்தோர் என்று ஏறி இறங்கினவர். அவர் பேரில் பிக்குமாருக்குக் கொடுத்த ஏழாம் நாள் தானத்துக்கு நானும் போனேன். முகம் நம் முகம், வாய் திறந்தால் வேறு பாஷை, அப்படி ஏழெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து அழுதார்கள். பைலைத் தராமல் ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிய ஒரு அதிகாரியிடம், "உங்கட இரக்கத்த நீங்களே வச்சுக்கொள்ளுங்கோ மாத்தயா, பிள்ளைட பைல பிள்ளைட கையில குடுங்கோ" என்று மிஸ் மேசையில் தட்டிய கதையை அவருடைய தங்கை சொல்ல, அழுதவர்கள் சிரித்தும் விட்டார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அங்கே உட்காரவே தகுதியில்லை என்று இருந்தது.

ஏனென்றால் மிஸ் தாய்மாரிடம் பெயரைக் கேட்கமாட்டார், மணியைத்தான் கேட்பார். எங்கள் பக்கம் பிள்ளை விழுந்ததும் ஆணா பெண்ணா என்பதற்கு முன் மணி என்ன என்றுதான் கேட்போம், சாதகம் எழுத வேண்டுமே. அந்தக் காலத்தில் தரகர்கள் யாரையாவது தாய் என்று நீதிமன்றத்தில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினார்கள். பெற்றவளுக்கு மணி மறக்காது, நடிக்க வந்தவளுக்குத் தெரியாது. நீ கட்டிப்பிடித்தவள் "பின்னேரம் போல" என்றாளாம். மிஸ்ஸுக்கு அன்றைக்கே சந்தேகம். உனக்குச் சொல்லுமுன் உறுதி செய்ய, ஆஸ்பத்திரிப் பதிவைப் புரட்டி என் வாசலுக்கு வந்துவிட்டார். என் புருஷன் (உன் தகப்பன் இல்லை, அவன் எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டு ஓடிப்போனவன்) முற்றத்தில் கறுவாப்பட்டை உரித்துக்கொண்டிருந்தார். "அக்கா, உங்கட மூத்த பிள்ளை எத்தன மணிக்குப் பிறந்தது?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார். "மூத்தவன் காமினி, மிஸ். நீங்க வேற வீட்டப் பாருங்கோ" என்றேன் நான். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "சரி அக்கா, ஞாபகம் வரட்டும், நான் திரும்பி வாறன்" என்று போனார். இன்னும் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பொய் சொன்னேன். பாவி நான்.

தானத்தன்று மிஸ்ஸின் தங்கை உன் பைலைக் காட்டினார். மேலே பென்சிலால், கொஸ்கொட அம்மாவிடம் இன்னொரு தரம் மணி கேட்க வேண்டும் என்று மிஸ் எழுதி வைத்திருந்தார். உள்ளே உன் கடிதம். அந்த அம்மாவோடு எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை, இந்த வருடத்தோடு என் பைலை மூடிவிடுங்கள் என்று எழுதியிருந்தாயாம். அதைக் கேட்டதும் எல்லோர் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு கத்தினேன். மூடாதே மகளே, மூடாதே. பரிசோதனைக்கு என் எச்சிலை எடுத்து அனுப்பிவிட்டார்கள், நீயும் கொடு. என்னைத் திட்டுவதற்காவது வா. நான் உன்னைக் கொடுக்கவில்லை. கல்யாணமாகாதவள், பத்தொன்பது வயது. பன்னிரண்டாம் நாள் என் அண்ணன் ஒருத்தியைக் கூட்டி வந்து, "நீ நிமிரும் வரைக்கும் இவ வச்சிருப்பா" என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போனான். பால் கட்டி நான் காய்ச்சலில் கிடந்தேன். நீதிமன்ற வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

வீட்டில் சொல்லிவிட்டேன். காமினி அழுதான், சின்னவன் சாப்பிடாமல் எழுந்து போனான். என் புருஷன் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சற்று முன் வந்து, "தபால் கந்தோர் பன்னிரண்டுக்குப் பூட்டிருவான். இன்னும் என்னத்த யோசிக்கிறாய், கெதியா எழுது" என்று சொல்லிவிட்டு சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

குளிரில் தலையை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. புத்த பகவான் உனக்கும் உன்னை வளர்த்தவர்களுக்கும் துணையிருக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் காகிதத்தில் ஜூன் பதினாலு, வெள்ளிக்கிழமை என்று இருக்கிறது. அது பொய். எண்பத்தைந்தாம் வருடம், வெசாக் பௌர்ணமி கழிந்து நாலாம் நாள், மே எட்டு, புதன்கிழமை, காலை ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு நீ பிறந்தாய். மிஸ் கேட்டபோது சொல்லாததை உனக்குச் சொல்லிவிட்டேன். உன் காகிதம் எல்லாவற்றிலும் அம்மா என்ற இடத்தில் இன்னொருத்தியின் கையெழுத்துத்தான் இருக்கிறது. உனக்காக நான் போடும் முதல் கையெழுத்து இது.

உன் அம்மா,
எம். கருணாவதி