திருடிய தண்டு

ஒஸ்லோ, 28 நவம்பர் 1994

அன்புள்ள யோருன்,

ஒன்பது வருடம் கழித்து அக்காவின் கடிதம் என்றதும், யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று பதறியிருப்பாய். ஒருவரும் போகவில்லை. ஒஸ்லோவுக்கு வந்த இடத்தில் என் இடுப்பெலும்புதான் முறிந்தது. ஜனவரி வரை மருத்துவமனைப் படுக்கை.

பக்கத்து வீட்டு மாரித் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்விட்டாள். திரோம்சோவில் இனி இரண்டு மாதத்துக்குச் சூரியனும் கிடையாது. என் செடிகளுக்கு உன்னை விட்டால் ஆளில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெதுவெதுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் போதும். இருட்டில் அதிகம் ஊற்றினால் வேர் அழுகும். இலைத் தூசியைத் துடைத்துவிடு. ஹீட்டரை ஒட்டி வைக்காதே, ஜன்னல் கண்ணாடியில் இலை படவே கூடாது. பின்னறையில் பழைய சாமான்தான், அங்கே போக வேண்டாம்.

உன் அக்கா,
தூரிட்

திரோம்சோ, 9 டிசம்பர்

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை.

பட்டப்பகல் மூன்று மணிக்குக் கும்மிருட்டில் உன் வீட்டுக்குப் போனேன். பின்னறைக் கதவிடுக்கில் வெளிச்சம். விளக்கை அணைக்க மறந்துவிட்டாய் என்று திறந்தேன். குழல்விளக்குக்கு அடியில், அன்று என் கையில் பட்டுப்போன அம்மாவின் மெழுகுப்பூக் கொடி! அதே வெள்ளிப் புள்ளி இலைகள், கைப்பிடி உடைந்த அம்மாவின் நீலக் கெட்டிலில். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று, சொந்தபந்தம் அத்தனை பேரும் காப்பி குடித்துக்கொண்டிருக்க, நீ கேட்டாயே: "ஒரு செடியவே சாக விட்டவ, அம்மாவ என்னத்தடி பாத்திருப்ப?" அதற்குப் பிறகு சித்தி என் வாசலை மிதிக்கவில்லை. இந்தக் கொடியை இங்கே வளர்த்துக்கொண்டு அப்படிக் கேட்க உனக்கு எப்படி வாய் வந்தது?

யோருன்

ஒஸ்லோ, 16 டிசம்பர்

யோருன்,

திருடின தண்டுதான் வேர் பிடிக்கும், நன்றி சொன்னால் பட்டுப்போகும் என்பார்களே. அம்மாவே பையில் கத்தரிக்கோலோடு அடுத்த வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனவள்தான். அவள் கிடையாய்க் கிடந்த கடைசி வாரம் நானும் அந்தக் கொடியில் ஒரு தண்டை வெட்டினேன். நீ படியிறங்கும் சத்தம் கேட்டது. வெட்டு தெரியக் கூடாதென்று, தொட்டியை ஜன்னல் திரைக்குப் பின்னால், குளிர்ந்த கண்ணாடியோடு ஒட்டித் தள்ளினேன். திரும்ப எடுக்க மறந்தேபோனேன்.

மறுநாள் இலையெல்லாம் உறைந்து கறுத்திருந்தது. "நான் என்ன செஞ்சேன்? தண்ணி கூட அளந்துதானே ஊத்துனேன்?" என்று நீ அழுதாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொன்றவள் நான், பழி உனக்கு. உன்னைப்போல் அம்மாவை யாரும் பார்த்திருக்க முடியாது. இதையே சித்திக்கும் எழுதிப் போட்டுவிட்டேன்.

தூரிட்

திரோம்சோ, 21 ஜனவரி 1995

அக்கா,

ஆறு வாரம் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. எல்லாம் சாகட்டும் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். கொன்றதைக்கூட மறந்துவிடுவேன். நான் அழுதபோது நின்று பார்த்தாயே, அதுதான் ஆறவில்லை.

இன்று சூரியன் திரும்பிவிட்டது. சித்தி, இந்த நாளுக்கென்றே சுடும் சூரிய ரொட்டியை எடுத்துக்கொண்டு வந்து, என் சமையலறையில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். பிறகுதான் உன் வீட்டைத் திறந்தேன். இரண்டு செடி போய்விட்டது. கெட்டிலில் இருப்பது மட்டும் ஓர் இலை உதிராமல் நிற்கிறது, உன்னைப்போல் அழுத்தம்.

அதில் ஒரு தண்டை வெட்டிக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. நன்றி சொல்லப்போவதும் இல்லை. இது வேர் பிடிக்க வேண்டும்.

உன் தங்கை,
யோருன்