சலவை அறைச் சனிக்கிழமைகள்

செப்டம்பர் 7, சனி

மாமனார் ஹோலிஸ் காலை எட்டு மணிக்கே டால்மன் கல்லூரி அணியின் அரக்குச் சட்டை போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். அமெரிக்கக் கால்பந்தாட்டம் பிற்பகலில்தான். இடுப்பு எலும்பில் அறுவை முடிந்து இன்னும் கைத்தடியோடு நடக்கிறார். அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நானும் கால்வினும் ஜூலையில் இந்த அலபாமாவுக்கு வந்தோம். மூன்று மாதம்தான் என்று சொல்லி என்னைக் கூட்டி வந்தான் என் கணவன்.

இந்த வீட்டில் ஒருவரும் டால்மன் கல்லூரியில் படித்ததில்லை. ஹோலிஸ் டயர் கடைக்காரர். மாமியார் லூரீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். கால்வின் படித்தது வடக்கே எங்கள் வெர்மான்ட்டில், என்னோடு. ஆனாலும் "நாம ஜெயிச்சோம்", "நாம தோத்தோம்" என்றுதான் பேச்சு. நாம் என்றால் யார் என்று கால்வினிடம் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை.

செப்டம்பர் 14, சனி

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்தான், வேறொன்றுமில்லை.

பாதி ஆட்டத்தில் டால்மன் பதினான்கு புள்ளி பின்னால். துணி காயவைக்கும் டிரையர் நின்ற சத்தம் கேட்டுத் துணி எடுக்கப் போனேன். சலவை அறை டிவி அறைக்கு அடுத்த அறை. நான் மடித்துக்கொண்டிருக்கையில் அந்தப் பக்கம் ஒரே கூச்சல் - டச் டவுன், பந்து எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது. கூடையோடு திரும்பி வந்து உட்கார்ந்தேன். அடுத்த முறை பந்து வந்ததுமே டால்மன் பையன் அதைத் தவறவிட்டான்.

ஹோலிஸ் டிவியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா போயிருந்தே?"

"துணி எடுக்க."

"திரும்பப் போ."

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. லூரீன்தான் என் முழங்கையைத் தொட்டு, "கொஞ்ச நேரம்தானே கண்ணு, போயிட்டு வாயேன்" என்றார். கால்வினைப் பார்த்தேன். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனேன். ஜெயித்தார்கள். எல்லாரும் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஒரு அவமானத்துக்கு இத்தனை முத்தம் கிடைத்தது எனக்கு மட்டும்தான் இருக்கும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தேவாலயத்தில் முன்பின் தெரியாத மூன்று பெண்கள் வந்து, நான் சலவை அறையில் இருந்ததற்கு நன்றி சொன்னார்கள்.

செப்டம்பர் 21, சனி

சலவை அறையில் எனக்காக ஒரு நாற்காலி. அதன்மேல் மெத்தை. வாஷிங் மெஷின் மேல் ஒரு தட்டில் மசாலா முட்டையும் ஒரு குவளை இனிப்புத் தேநீரும். லூரீன் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். நாய்க்குக்கூட இந்த வீட்டில் டிவி முன்னால் இடம் உண்டு.

செப்டம்பர் 22, ஞாயிறு

காரில் வைத்துக் கால்வினிடம் சொல்லிவிட்டேன். நவம்பர் முடிவதற்குள் தனி வீடு பார்க்காவிட்டால் நான் வெர்மான்ட்டுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வருவேனா என்று கேட்காதே.

"ஒரு ஆட்டத்துக்காகவா கிரெட்டா?"

"ஆட்டத்துக்காக இல்ல. உங்கப்பா என்னை வெளிய போகச் சொன்னப்ப நீ டிவியப் பாத்துக்கிட்டிருந்தே இல்ல, அதுக்கு."

வீடு வரைக்கும் அவன் சாலையையே பார்த்து ஓட்டினான்.

அக்டோபர் 5, சனி

சுவர் மெல்லிசு. ஹோலிஸின் கைத்தடி தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் பந்து முன்னேறுகிறது. லூரீன் "ஐயோ கர்த்தரே" என்றால் கொஞ்சம்தான் மோசம், அவர் அதை அடுப்பில் பால் பொங்கினாலும் சொல்வார். கால்வின் கைதட்டுவதில்லை, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவான். எல்லாவற்றையும்விடப் பயங்கரம், சத்தமே இல்லாமல் இருப்பது.

இதையெல்லாம் நான் ஏன் கவனிக்கிறேன்? வேறு வேலை இல்லை, அதனால்தான்.

அக்டோபர் 12, சனி

சத்தமே இல்லை. நெடுநேரம் இல்லை. தாங்க முடியாமல் போனில் வானொலி வர்ணனையை மெதுவாக வைத்தேன். காதில் ஒட்டவைத்து ஒரு நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டேன், பந்து எதிரி கையில். சுவருக்கு அந்தப் பக்கம் ஹோலிஸ் கத்தினார்: "யாரோ கேட்டுக்கிட்டிருக்காங்க! யாருன்னு எனக்குத் தெரியும்!"

அணைத்துவிட்டேன். மறுபடி கைத்தடி இரண்டு தட்டு.

நான் ஏன் அணைத்தேன்? அந்த ஆளுக்குப் பயந்தா? பயந்து இல்லை. பிறகு எதற்கு?

அக்டோபர் 26, சனி

தோல்வி. நான் நாற்காலியை விட்டு அசையவில்லை, வானொலியும் இல்லை, அப்படியும் தோல்வி. இனி இந்தப் பைத்தியக்காரத்தனம் முடிந்தது என்று நிமிர்ந்து வெளியே வந்தேன். ஹோலிஸ் யோசித்துவிட்டுக் கேட்டார், "டிரையர் ஓடிச்சா?"

"துணியே இல்லையே."

"பாத்தியா!" என்று லூரீன் பக்கம் திரும்பினார். "டிரையர் ஓடல."

இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

நவம்பர் 2, சனி

டிரையரை வெறுமனே ஓடவிட்டேன். வெற்றி. (எழுத வெட்கமாக இருக்கிறது.)

நவம்பர் 9, சனி

இந்த வாரம் ஆட்டம் இல்லை. கடையில் பால் வாங்க நிற்கும்போது பின்னால் நீலச் சட்டைக்காரி ஒருத்தி. டால்மனின் பரம எதிரியான கார்வெல் கல்லூரிக் கட்சி. டால்மன் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர், என் தலையில் லூரீன் மாட்டிவிட்ட தொப்பியிலும் அதன் படம்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வருசமும் கழுதைக்கு லாடம் நாங்கதான் அடிக்கப்போறோம்" என்றாள்.

நான் திரும்பி, "முதல்ல உங்காளுக்குக் கையக் கழுவிட்டு வரச் சொல்லு. வெண்ணெய் தடவின மாதிரி பந்து வழுக்குது. நாங்க வேற உதைக்கிற ஜாதி" என்றேன்.

பில் போடுகிற பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். காரில் ஏறியபிறகு கொஞ்ச நேரம் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். நாங்க என்றா சொன்னேன்?

நவம்பர் 24, ஞாயிறு

கால்வின் இதுவரை ஒரு வீடுகூடப் பார்க்கவில்லை. அக்காவிடம் பேசினேன். மாடி அறையைக் காலி செய்து வைக்கிறாளாம். சனிக்கிழமை கார்வெலோடு ஆட்டம், அன்றோடு நவம்பரும் முடிகிறது. ஞாயிறு கிளம்பிவிடலாம்.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நாள் (தேங்க்ஸ்கிவிங்) விருந்து. வான்கோழி, சோளரொட்டி, பீக்கன் கொட்டை போட்ட இனிப்பு. ஹோலிஸ் ஜெபம் சொல்லி முடித்ததும் கால்வின் சொன்னான்:

"சனிக்கிழம கிரெட்டா எம் பக்கத்துல உக்காருவா. அவ வெளிய போனா நானும் போறேன்."

ஹோலிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "கார்வெல் ஆட்டம்டா."

"தெரியும்ப்பா. ஞாயித்துக்கிழம நாங்க வீடு பாக்கவும் போறோம்."

லூரீன் பீக்கன் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். கடைசியில் "சரி" என்றார் ஹோலிஸ். அறுவைக்குக் கையெழுத்துப் போட்டபோதும் இதே முகம்தான்.

இரண்டு மாதமாக இதற்குத்தானே காத்திருந்தேன்? சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கால்வினின் கையை விடவே இல்லை நான். ஆனால் ராத்திரி முழுக்க ஒரே யோசனை - கார்வெல் ஆட்டத்தைப் போய் ஏன்டா தேர்ந்தெடுத்தே?

நவம்பர் 30, சனி

உட்கார்ந்தேன். கால்வினுக்குப் பக்கத்தில், சோபாவின் நடுவில், மனுஷியாக. ஹோலிஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு பகுதியில் மூன்றாம் பகுதி முடிகையில் பத்துப் புள்ளி பின்னால். அப்போதும் சொல்லவில்லை. கைத்தடியின் பிடியை இரண்டு கையாலும் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லூரீன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யாரும் என்னைப் பார்க்காமல் இருக்க அவ்வளவு பாடுபட்டார்கள்.

நம் பையன் பந்தைத் தவறவிட்டான். அதை எடுத்ததும் நாமேதான், ஆனால் இனி இப்படி உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தேன்.

கால்வின் என் மணிக்கட்டைப் பிடித்தான். "உக்காரு. யாரும் உன்னப் போகச் சொல்லல."

"கைய விடுடா! நேரம் போகுது!"

அவனும் எழப் பார்த்தான். "நீ உக்காரு, நீ எழுந்தாலும் கெட்டுப்போகும்" என்று தோளை அமுக்கிவிட்டு ஓடினேன். டிரையரைத் திருகினேன். நாற்காலியில் உட்காரவில்லை, சுவரில் நெற்றியை வைத்து நின்றேன். வானொலி இல்லை. சத்தியமாக இல்லை.

தடி இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. பிறகு வீடே அதிர்ந்தது, நாய் குரைத்தது, டச் டவுன்! ஏழு போனால் இன்னும் மூன்று புள்ளிதான். பந்து மறுபடி நம்மிடம், நாற்காலி பின்னுக்குப் போகிற சத்தம், தடி, தடி, தடி -

பிறகு ஒன்றுமே இல்லை.

டிரையர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா இறந்த வருடத்துக்குப் பிறகு இப்படி அழுததில்லை.

ஹோலிஸ்தான் கதவைத் திறந்தார். உள்ளே வந்து அந்த மெத்தை நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"சமன் பண்ண வேண்டிய கடைசி உதை. கம்பத்துல பட்டு வெளிய போயிருச்சு."

"எந்தக் கம்பம்?"

"இடது."

"காத்து வலமிருந்து அடிக்குதுன்னு அந்தப் பயலுக்கு யாரும் சொல்லலையா?"

அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையை நீட்டினார். அது கொஞ்சம் ஈரமாகவே இருந்தது.

நான் மூன்றாம் பகுதியிலேயே எழுந்து போயிருக்க வேண்டும்.

டிசம்பர் 1, ஞாயிறு

கிளம்பவில்லை. அக்காவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கம்பத்தில் பட்டதைச் சொல்லத் தொடங்கினேன், அவளுக்குப் புரியவில்லை.

டிசம்பர் 14, சனி

நான்காவது வீடு. இரண்டு தெரு தள்ளித்தான், கால்வினுக்குப் பிடித்துவிட்டது. காட்ட வந்த பெண் அடுப்படி, தோட்டம், கார் நிறுத்துமிடம் என்று பாடிக்கொண்டே போனாள். நான் நேராகச் சலவை அறைக்குப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் என்ன என்று கேட்டேன்.

"கூடம்மா. டிவி வெக்கிற இடம். சத்தம் கேக்கும்னு யோசிக்கிறீங்கன்னா, சுவரக் கெட்டியாக்கிக்கலாம்."

வேண்டாம் என்றேன். இந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறோம் என்றேன்.