குட்டியைக் கைமாற்றிய இரண்டு வாரம்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். கடை வாசலில் பக்கெட் அடுக்கவில்லை. நனைந்த பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள், வாங்க மாட்டார்கள்.

ரேவதி காலையிலேயே ஒரு பையோடு வந்துவிட்டாள். தம்பி பாபு புதிதாகக் கட்டியிருப்பவள். (இனி ரே. என்றே எழுதுகிறேன், தினமும் எழுத வேண்டியிருக்கும்.) சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. ஒரு வாரம் லீவு. என் வீட்டில் தங்கிக் குட்டியைப் பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும். ஞாயிறன்று அவனை நாவலூர் பிளாட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள்.

ஏற்பாடு என்னுடையதுதான். கடை கைமாறும்போது பழைய முதலாளி சில நாள் கூட உட்கார்ந்து வாடிக்கையை அறிமுகப்படுத்துவார். பிறகு அந்தத் தெருப்பக்கம் தலைவைக்க மாட்டார். அதே முறை.

குட்டிக்கு இரண்டு வயசு முடிந்துவிட்டது. பாபுவின் முதல் மனைவி கல்பனா, அவனைப் பெற்ற கையோடு ஜுரத்தில் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி நேராக என்னிடம்தான் கொடுத்தான் பாபு. எனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கதை இந்த நோட்டுக்கு வேண்டாம்.

ரே. நல்லவளாகத் தெரிகிறாள். இது எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டுவிட்டு.

இன்று சொல்லிக்கொடுத்தவை:
– குளியல். முதலில் உடம்பு, கடைசியில்தான் தலை. தலையில் ஊற்றும்போது மேலே பல்லி இருக்கிறது என்று காட்ட வேண்டும். அண்ணாந்து பார்ப்பான். கண்ணில் சோப்பு போகாது.
– தொடை இடுக்கு, கழுத்து மடிப்பு. ஈரம் ஒற்றி எடுக்கணும், தேய்க்கக் கூடாது. பிறகு தே. எண்ணெய், ஒரு பொட்டுதான்.
– சாப்பாடு. கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வான். விழுங்கிவிட்டான் என்று நம்பி அடுத்த வாய் கொடுத்தால் மொத்தமும் நம் மேல்.
– சாப்பிட்டதும் உச்சா. கேட்டால் இல்லை என்பான். கேட்காமல் உட்கார வைக்கணும்.

எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டாள். பல்லியைக்கூட. கடையில் வேலை செய்யும் சாந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, புள்ள வளக்கறதுக்கு ஆபீஸ் கணக்கு போட்டுகினு கீது உன் தம்பி பொண்டாட்டி" என்றாள். ரே.யே சிரித்துவிட்டாள். மதியம் அவள் ஊட்டிய ரசம் சாதம் முழுக்க அவள் சுடிதார் மேல். முகம் சுளிக்கவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பிசைந்தாள்.

தூங்கவைப்பதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். புது ஆள் பக்கத்தில் இருந்தால் தூங்கமாட்டான், நீ கொஞ்சம் கடையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். குடம், முறம் நன்றாகப் போயிற்று. ஒட்டடைக்குச்சி தீர்ந்துவிட்டது, பாரிஸ் கார்னர் மொத்தக் கடைக்குச் சொல்லணும்.

ரே. குளிப்பாட்டினாள், தனியாக. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழவில்லை அவன். "பல்லி போச்சு" என்று அவன் சொல்ல, "எங்க போச்சு?" என்று இவள். போகப்போக இரண்டு பேர் குரலும் சேர்ந்துகொண்டது.

மதியம் மறுபடி கேட்டாள், "அண்ணி, இன்னைக்காவது நான் தூங்கவைக்கட்டுமா?" நாளைக்கு என்றேன்.

உள்ளதை எழுதுகிறேன், இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. அவன் தூங்க ஒரு வழி இருக்கிறது. புருவத்தை மூக்கிலிருந்து காதுப்பக்கமாகக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவணும். நிறுத்தாமல். கைக்குழந்தையில், முந்தின நாள் புருவத்தில் இட்ட மையை எண்ணெய் தொட்டுத் துடைக்கும்போது அப்படியே சொக்கிப்போவான். அதில் வந்த பழக்கம். வேறு எதற்கும் தூங்க மாட்டான். தாலாட்டு, தூளி, தட்டிக்கொடுப்பது, ஒன்றும் எடுபடாது.

அதை ரே.யிடம் சொல்லவில்லை. பழைய துணிக்குப் பிளாஸ்டிக் குடம் என்று பம்மல், பொழிச்சலூர் தெருவெல்லாம் கூவி நடந்து கடை பிடித்தவள் நான். எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொடுப்பேன், வேகமாக விற்கிற சரக்கை எங்கே எடுக்கிறேன் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் புத்தி. கை தானாக மூடிக்கொண்டுவிட்டது.

நவம்பர் 8, சனி

கடையை சாந்தியிடம் விட்டுவிட்டு நாவலூர். மேடவாக்கம் வழியாக. பள்ளத்தில் தண்ணீர், ஆட்டோக்காரர் வழியெல்லாம் ரோடு போட்டவனைத் திட்டினார்.

குட்டி பகலில் இருக்கப்போகும் குழந்தைகள் காப்பகம். பிளாட்டுக்குப் பின்தெரு. வியாபாரக் கண்ணோடுதான் பார்த்தேன். தரை சுத்தம். உச்சா போகும் இடத்தில் வாடை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் துண்டு, தனி டம்ளர். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

பொறுப்பில் இருப்பவர் மேரி மிஸ். ஐம்பது வயசிருக்கும். என்ன சாப்பிடுவான், எதற்கு பயப்படுவான், எப்படிக் கழுவிவிட்டால் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "தூங்க ஏதாச்சும் வேணுமாம்மா? சில பிள்ளைக்கு போர்வை, சில பிள்ளைக்கு பொம்மை. அம்மா முடியைப் புடிச்சிக்கற பிள்ளைகூட இருக்கு."

ரே. என்னைப் பார்த்தாள்.

"ஒண்ணும் வேணாம். படுத்தா தூங்கிடுவான்" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

போய்விட்டார்கள். கார் கிளம்பும்போது குட்டி பின்னால் பார்க்கவில்லை. ரே. கையில் பிஸ்கெட் இருந்தது.

கடை லீவு. ஆனாலும் போய்த் திறந்து ஷெல்ப் துடைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

பாபு போன். நேற்றும் இன்றும் காப்பகத்தில் தூங்கவில்லையாம். மற்ற பிள்ளைகள் படுத்த பிறகு இவன் பாயில் உட்கார்ந்து அழுகிறானாம். வீட்டிலும் அழுது களைத்துத்தான் தூக்கம். கண் தானாகச் செருகும்வரை ரே. தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

பழகிவிடும் என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை எழுதாமல் விட்டால் இந்த நோட்டே பொய். வந்தது.

நவம்பர் 12, புதன்

அடைமழை. முடிச்சூர் பக்கத்து வாடிக்கை ஒருவரும் வரவில்லை.

மறுபடி பாபு. தூக்கம் இல்லாததால் சாப்பாடும் நின்றுவிட்டது. கன்னத்தில் ஒதுக்குவதுகூட இல்லை, வாயே திறப்பதில்லை. ரே.யால் இனி லீவு எடுக்க முடியாது. "இந்த வாரம் பாக்கறேன்க்கா. சரியா வரலன்னா உன்கிட்டயே விட்டுடறேன். அவளும் அழுவறா, தனக்குப் புள்ள வளக்கத் தெரியலன்னு."

அவ்வளவுதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். குட்டி வந்துவிடுவான்.

பால்காரரிடம் திங்கட்கிழமையிலிருந்து ஒரு பாக்கெட் சேர்த்துப் போடச் சொன்னேன். அவன் பாயை எடுத்து உதறினேன். மழை, காயவில்லை. பேனுக்கு அடியில் போட்டேன்.

சாந்தி பார்த்துவிட்டு, "வந்துடுவானாக்கா?" என்றாள். அப்புறம், "அந்தப் பொண்ணுதான் பாவம். வந்ததும் வராததுமா இப்டி பேஜாரா பூட்ச்சே" என்றாள். போய் வேலையைப் பார் என்றேன்.

நவம்பர் 13, வியாழன்

நாளை குழந்தைகள் தினம். சேலையூரில் ஒரு பள்ளிக்கு டிபன் பாக்ஸ், மொத்தமாக. காலை முழுக்க அதைக் கட்டுவதிலேயே போயிற்று.

மதியம் ரே. போன், ஆபீஸிலிருந்து. "அண்ணி, அவனுக்கு சோப்பு ஏதாச்சும் ஒத்துக்காதா? புருவம் ரெண்டும் செவந்து தோல் உரிஞ்சிருக்கு. மேரி மிஸ் வீடியோ அனுப்பியிருக்காங்க, பாருங்க. அலர்ஜியா இருந்தா சாயங்காலம் டாக்டர்கிட்ட காட்டணும்."

பார்த்தேன்.

பாயில் படுத்திருக்கிறான். சுற்றிலும் பிள்ளைகள் தூங்குகின்றன. இவன் அழவில்லை. தன் கட்டைவிரலால் தன் புருவத்தைத் தானே தேய்த்துக்கொள்கிறான். பிஞ்சு விரல், அதற்கு மெதுவாகத் தடவத் தெரியவில்லை. அழுத்தி அழுத்தி. கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும். கண் மூடவே இல்லை.

டிபன் பாக்ஸ் கட்டுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். சாந்தி தண்ணீர் கொண்டுவந்தாள்.

ரே.யைக் கூப்பிட்டேன். டாக்டர் வேண்டாம், நாளை மதியம் காப்பகத்துக்கு வா, நான் வருகிறேன் என்றேன். எதற்கு என்றாள். நேரில் என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

மேகமூட்டம், மழை இல்லை.

சாப்பாட்டு நேரம் முடியும்போது போய்ச் சேர்ந்தேன். ரே. வாசலில் நின்றிருந்தாள், கழுத்தில் ஆபீஸ் அட்டை. கண்ணெல்லாம் வீங்கி. உள்ளே வாங்க என்றாள். வேண்டாம், அவன் கண்ணில் நான் பட்டால் காரியம் கெட்டுவிடும். படிக்கட்டிலேயே உட்காரச் சொன்னேன்.

வாயால் சொன்னால் விளங்காது. கட்டைவிரலை அவள் புருவத்தில் வைத்தேன். மூக்கிலிருந்து காதுப்பக்கம். திரும்ப முதலிலிருந்து. இன்னொரு கை வயிற்றில் சும்மா இருக்கணும், தட்டக் கூடாது. கண்ணை மூடு, அப்பத்தான் அழுத்தம் தெரியும் என்றேன். மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நான் நிறுத்தவில்லை.

"இது உங்களுக்கு முதல்லயே தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"நான் எத்தனை தடவை கேட்டேன்."

"கேட்ட. எல்லாத்தையும் உன்கிட்ட கொடுத்துட்டா எனக்குன்னு என்ன இருக்கும்னு நெனச்சேன்."

கண்ணைத் திறந்தாள். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரம் என் கட்டைவிரலையே பார்த்தாள். பிறகு, "இந்த அழுத்தம் போதுமா, பாருங்க" என்று தன் விரலை என் புருவத்தில் வைத்தாள்.

இன்னும் லேசா என்றேன். சரிபண்ணிக்கொண்டாள். போதும், போ என்றேன்.

உள்ளே போனாள். ஜன்னல் என் தலைக்கு மேலே. முதலில் அவன் சிணுங்கல். "அம்மா வந்திருக்காங்க பாரு" என்று மேரி மிஸ். சிணுங்கல் ஓங்கிற்று, இறங்கிற்று, விட்டுவிட்டு வந்தது. பிறகு பேன் சத்தம் மட்டும்.

ரே. வெளியே வரவில்லை. வருவாள் என்று கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

நவம்பர் 15, சனி

ரே.யிடமிருந்து மெசேஜ். நேற்று எழுப்பித்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தார்களாம். தயிர் சாதம் சாப்பிட்டானாம். வேறு ஒன்றும் எழுதவில்லை. எனக்கு நன்றி சொல்லாமல் இருந்தது சரிதான்.

பால்காரரிடம் சேர்த்துப் போட வேண்டாம் என்றேன். என்னம்மா மாத்தி மாத்தி சொல்றீங்க என்றார்.

நவம்பர் 16, ஞாயிறு

நல்ல வெயில். துணி துவைத்துப் போட்டேன், ஒரு ஆள் துணி.

ஞாயிறு மதியம் குட்டி தூங்கும்போதுதான் நகம் வெட்டுவேன். முழித்திருந்தால் கையைக் காட்டமாட்டான். இதை ரே.யிடம் சொல்லவே இல்லை. மறைக்கவில்லை, நிஜமாகவே மறந்தது. கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன்.

வைத்துவிட்டேன். நகம் வளர்ந்தால் அவளுக்குத் தெரியாமலா போகும்.